தூணும் நாலு இஞ்சு இளைத்தது

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்தடி உயரத்தில் ஒரு தொப்பை தொங்கியது. என் தொப்பைதான். ஃப்ளெக்ஸின் இடப்பக்கம் ‘முன்பு’, வலப்பக்கம் ‘பின்பு’. நடுவில் கொட்டை எழுத்து: ‘கத்தியில்லை, தையலில்லை, ஊசி மட்டுமே! தொப்பை கரையும், கன்னம் நிறையும்!’ வலப்பக்கப் படத்தில் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்கச் சொன்னவர் டாக்டர் பிரின்ஸ். அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று நம்பிப் பிடித்தேன்.

இந்த இசக்கித்துரை யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஊர்ப் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர் நான். தாயத்துக் கட்டியவனைப் பார்த்தால் நடுத்தெருவில் நிறுத்தி நாற்பது கேள்வி கேட்பேன். ஆனால் தாயத்துக்காரன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஏ.சி. அறையில் உட்கார்ந்து, ‘ஃபில்லர்’ என்றதும் எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. ஃபில்லர் என்றால் நிரப்புவது. நிரப்புகிற ஊசியால் தொப்பை எப்படிக் குறையும்? நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும். நான் எம்.ஏ. படித்தவன்.

வயிற்றில் ஆறு ஊசி. போடுவதற்கு முன் சிவப்பு டேப்பால் அளந்தார்: நாற்பத்திரண்டு இஞ்சு. எல்லாம் முடிந்ததும் நீல டேப்பால் அளந்தார்: முப்பத்தெட்டு! காத்திருந்த கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானோ வேட்டி கட்டுகிறவன். முப்பத்தெட்டானாலும் நாற்பத்திரண்டானாலும் வேட்டி வாய் திறக்காது.

அப்புறம் கேட்கவேண்டுமா? சிவகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். டோக்கன் வாங்க காலை ஆறு மணிக்கே வரிசை. “சாமியே இல்லன்னு சொல்லுத செயலாளரே குத்திக்கிட்டாராம்லா!” என்பதுதான் வரிசையில் எல்லோரும் சொன்ன அத்தாட்சி. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அந்த வரிசையில் ஒருநாள் ஷிரின் பானு நின்றாள். என் சேலைக்கடைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் ரிஸானாவின் தங்கை. பத்து நாளில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒருத்தி, ‘பொண்ணுக்குக் கன்னம் ஒட்டியிருக்கு’ என்று சொல்லிவிட்டாளாம். நல்ல களையான பிள்ளை, அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. “பயப்படாத மக்கா, நானே ஆறு போட்டவன்” என்று தைரியம் சொன்னதும் நான்தான்.

ஷிரின் உள்ளே போனாள். துணைக்கு வந்திருந்த ரிஸானா வெளியே என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, நெசமாவே நாலு இஞ்சு கொறஞ்சிருக்கா?”

“பின்ன? அளந்து பாத்தாச்சுல்லா!”

“நேத்து ஒங்க வயித்துப் பட்டன் தெறிச்சு, நாந்தான தச்சுக் குடுத்தேன்? யாரு டேப்புல அளந்தீய?”

“டாக்டர் டேப்புலதான்.”

அவள் சிரிக்கவில்லை. “தறிக்காரங்ககிட்ட சேல எடுக்கும்போது அவங்க கோலுல அளக்க விடுவீயளா?”

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தரை மீட்டர் சேலையில் நாலு விரல் குறைந்தாலும் திருப்பியனுப்புகிறவன் நான். சொந்த இரும்புக்கோல் இல்லாமல் கொள்முதலுக்குப் போனதே கிடையாது. முப்பது வருஷத் தொழில் பழக்கம். அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வயிற்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ரிஸானா மேசைமேலிருந்த இரண்டு டேப்பையும் எடுத்தாள். கூடத்துச் சிமெண்டுத் தூணைச் சிவப்பு டேப்பால் சுற்றினாள். நாற்பத்திரண்டு. நீல டேப்பால் சுற்றினாள். முப்பத்தெட்டு.

“எல்லாரும் பாருங்க! தூணும் நாலு இஞ்சு எளச்சிருச்சு! இதுக்கு எத்தன ஊசி போட்டாரு?”

வரிசை கலைந்து தூணைச் சூழ்ந்தது. நான் அறைக்குள் ஓடினேன். ஷிரினின் கன்னத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பிரின்ஸ் ஊசியைத் தூக்கியிருந்தார். “நிறுத்தும் வே!” என்று கத்தினேன். ரிஸானாவும் கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

“மேடம், ஏ.சி.யில தூண் சுருங்கும். இதெல்லாம் சயின்ஸ்” என்றார் பிரின்ஸ்.

“சரி, இந்த மருந்துக்குப் பேரு என்ன?” என்றாள் ரிஸானா.

“ஃபார்முலா ரகசியம்.”

“ஆபத்து ஒண்ணும் இல்லியே?”

“நூறு சதவீதம் சேஃப்.”

“அப்ப மொதல்ல ஒங்க கன்னத்துல ஒண்ணு போட்டுக்கோங்க. ஒங்களுக்கும் ஒட்டித்தான் இருக்கு.”

பிரின்ஸ் ஊசியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டார். எல்லோருக்கும் புரிந்தது. என் வயிற்றுக்குள் ஏற்கெனவே ஆறு போயிருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போலீஸ் வந்து, சுவரில் தங்க முத்திரையோடு தொங்கிய சான்றிதழைப் படித்தது. மணப்பெண் அலங்காரத்தில் இரண்டு நாள் பயிற்சி. அதன் கீழே உட்கார்ந்துதான் நான் ஆறு ஊசியும் போட்டுக்கொண்டேன். முத்திரையைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

ஷிரின் அவளுடைய சொந்தக் கன்னத்தோடு நிக்காஹ் முடித்தாள். எனக்கு வயிற்றில் இரண்டு கட்டி. ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். ஏழு தையல்.

ஃப்ளெக்ஸை இறக்க ஆள் வந்தபோது வேண்டாமென்று நான்தான் தடுத்தேன். என் தொப்பைக்குக் கீழே ஒரு வரி மட்டும் எழுதச் சொன்னேன்: ‘இந்தத் தொப்பையை அளந்த டேப்பில் தூணும் இளைத்தது. தூண் கேள்வி கேட்காது. நீங்களாவது கேளுங்கள்.’