சர்வர் அறையில் புறா தின்ற ஜின்

திங்கட்கிழமையானால் ஷுப்ரா பேட்டையில் எங்கள் அலுவலகப் படிக்கட்டில் ஏற முடியாது. மலிவு ரொட்டி போடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உஸ்தாத் சுஹ்தி வருகிறார்! கம்ப்யூட்டருக்குள் புகுந்த ஜின்னை ஓட்டும் மகான்! கீழ்மாடிப் பல் டாக்டர் தன் பிரிண்டரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்துத் தையல்காரர் செல்போனுக்குக் கண்ணேறு கழிக்க வந்திருப்பார். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. ஏமாறுவதில் எங்கள் ஊரில் அப்படி ஒரு சமத்துவம்!

நாங்கள் இணையத்தில் கல்யாண மண்டபம் பதிவு செய்து கொடுப்பவர்கள். நான் அங்கே குமாஸ்தா. எங்கள் தளத்தை ஒரு கிழட்டு சர்வர் எட்டு வருடமாகச் சுமந்து வந்தது. கோடையில் ஒருநாள் அது படுத்துவிட, முதலாளி ஹாஜ் பஹ்கத் உஸ்தாதைக் கூப்பிட்டார். அன்று பிடித்தது சனி. அதன் பிறகு வாரம் தவறாமல் சர்வர் படுத்தது, வாரம் தவறாமல் உஸ்தாத் வந்தார்.

வைத்தியம் இதுதான். உஸ்தாத் தனியாக உள்ளே போவார். கதவைச் சாத்துவார். ஜின்னுக்குப் படையல், அரிசி அடைத்துப் பொரித்த புறா நான்கு. சர்வரை அணைத்து அரை மணி நேரம் சாம்பிராணி போடுவார். முகப்பில் ஒரு தாயத்துக் காகிதம் ஒட்டி மறுபடி முடுக்குவார். தளம் ஓடும்! பெரிய ஏப்பத்தோடு வெளியே வருவார்.

"ஜின் சாப்பிட்டாச்சு ஹாஜ். காகிதத்தை எவனும் தொடக் கூடாது."

"திரும்பத் திரும்ப வருதே உஸ்தாத்?"

"பொல்லாத கண்ணு ஹாஜ். இந்த ரூமுக்குள்ள அடிக்கடி வர்ற பொம்பளை யாரு?"

எல்லோரும் ரிஹாமைப் பார்த்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் பார்த்தேன். சர்வரைப் பராமரிக்கும் இன்ஜினியர் அவர். பழசை ஓய்வுக்கு அனுப்பலாம் என்று வருடக்கணக்காகக் கெஞ்சியவர்.

"அதை நிறுத்தினா மூணு உயிர் போகும்!" என்றார் உஸ்தாத்.

ஹாஜ் தொண்டையைச் செருமினார். "ரிஹாம், மகளே, அடுத்த திங்கள் உஸ்தாத் சொல்றதுதான் முடிவு. வேற வேலை பார்த்து வெச்சுக்கம்மா."

"என் சம்பளத்துலதான் எங்கம்மாவுக்கு மருந்து ஹாஜ்" என்றார் ரிஹாம். அந்த வாரம் முழுக்க இருக்கையைவிட்டு எழாமல் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை வந்தது. உஸ்தாத் உள்ளே போனார், ஏப்பத்தோடு திரும்பினார்.

"பாத்தீங்களா? ஒரு வாரமா தளம் விழவே இல்ல. என் தாயத்து ஜின்னைக் கட்டிப் போட்டிருக்கு. இந்தப் பொண்ணு வெளிய போனா முழுசா அடங்கிடும்."

ரிஹாம் எழுந்தார். "தளம் இந்தப் பெட்டியிலதான் ஓடுது. உங்க தாயத்தாலதான் ஓடுது. அப்படித்தானே உஸ்தாத்?"

"அதுல என்ன சந்தேகம்?"

ரிஹாம் நேரே அறைக்குள் போய் மின்வயரைப் பிடுங்கினார்.

ஐயோ, அந்தக் கூச்சல்! பல் டாக்டர் பிரிண்டரைக் கீழே போட்டார். தையல்காரர் மேஜைக்கு அடியில் புகுந்தார். நான் என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஹாஜ், போன்ல நம்ம தளத்தைத் திறங்க."

ஹாஜ் திறந்தார். தளம் ஜம்மென்று வந்தது! அதே நொடியில் எனக்கு ஒரு முன்பதிவு விழுந்தது. வியாழக்கிழமை, நானூறு பேர்!

"செவ்வாய்க்கிழமையே தளத்தையும் செட்டிங்ஸையும் புது சர்வருக்கு மாத்திட்டேன் ஹாஜ். நகலும் பத்திரமா இருக்கு. பழசுக்கு யாராவது வர்றாங்களான்னு அஞ்சு நாள் பதிவேட்டைப் பாத்தேன். ஈ காக்கா வரல. இது வெறும் பெட்டி."

"ஜின் வயர் வழியாப் புதுசுக்குத் தாவிடுச்சு!" என்று அலறினார் உஸ்தாத்.

"செவ்வாய்க்கிழமையே தாவிடுச்சா?"

"ஆமா! செவ்வாய்க்கிழமையே!"

"அப்போ இன்னிக்கு இந்தக் காலிப் பெட்டி முன்னாடி நாலு புறாவைத் தின்னது யாரு?"

அனைவரும் உஸ்தாதின் மீசையைப் பார்த்தோம். எண்ணெய் மினுமினுத்தது. ஒரு சோற்றுப் பருக்கையும் சாட்சிக்கு உட்கார்ந்திருந்தது. முதலில் சிரித்தவர் பல் டாக்டர். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை.

ரிஹாம் தாயத்துகளைப் பிய்த்தார். பதின்மூன்று அடுக்கு! அடியில் காற்றுத் துளைகள், தூசி மண்டிக் கிடந்தன.

"காத்து போற வழியை அடைச்சா பெட்டி கொதிக்கும், தானா நின்னுடும். இவர் அரை மணி அணைச்சு வெப்பார், ஆறிடும். மறுபடி காகிதத்தை ஒட்டுவார். நோயும் இவருதான், மருந்தும் இவருதான்."

உஸ்தாத் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினார். ஹாஜ் தலைகுனிந்தார். "மன்னிச்சுக்க மகளே. இந்த நாற்காலி உன்னோடது. இனி அந்த ரூம் சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும்."

நாங்கள் திருந்திவிட்டோம். ஊர்? அடுத்த திங்கட்கிழமை எதிர்க் கட்டடத்து லிஃப்ட்டுக்கு ஜின் பிடித்திருந்தது. வாசலில் ஐம்பது பேர், எல்லோர் கையிலும் புறாப் பொட்டலம். லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட்டார்களா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேள்வி கேட்க ஒரு பியாஸ்தர் காசுகூடச் செலவில்லை ஐயா, கேட்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை புறா!