நடுத்தாள் நீக்கப்பட்டது

லண்டனில் ஒரு வானொலி அலுவலகத்தின் நகைச்சுவைப் பிரிவில் நான் தட்டச்சு செய்பவள். எங்கள் விதிப்படி, நேயர்கள் சிரிக்குமுன் அந்தச் சிரிப்பு எழுத்தில் சமர்ப்பிக்கப்பட்டு, ஆட்சேபணை இல்லையெனச் சான்று பெறவேண்டும். சான்று தருபவர் திரு. லாங்ஸ்டாஃப். போர்க்காலத்தில் கம்பளிக் காலுறை விநியோகம் பார்த்தவர். ஆகவே நகைச்சுவைக்கு அவரையே போட்டார்கள்.

எங்கள் வானொலிக் கோமாளி கிளெம் ஆட்டர்ஷா, வடக்கே லங்காஷயர்க்காரர். மாமியார் ஜோக்குதான் பிழைப்பு. வியாழக்கிழமை அரைமணி நேரம் அவருடையது. அது போனால், பழையபடி கடற்கரைக் கொட்டகைகளில் மழைக்கு ஒதுங்கியவர்களைச் சிரிக்கவைக்கப் போகவேண்டும்.

"சார், மாமியாரை ஏன் அடிச்சிட்டீங்க?"

"குடும்ப அமைப்பை அவமதிக்குது."

"போன வாரம் தன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலைன்னு எங்க மாமியார் கோவிச்சுக்கிட்டாங்க, சார்!"

"அது அவங்க சொந்தப் பிரச்சினை. பாதிரியார், தேனிலவு, குளிர்கால உள்ளாடை, இதெல்லாமும் கூடாது. விதி பதினேழு."

"அப்ப மிச்சம் என்னதான் இருக்கு?"

"'வணக்கம்' இருக்கு. 'போயிட்டு வர்றேன்' இருக்கு. ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு."

அந்த வியாழன் பார்வையாளர்கள் நிரம்பிய வானொலி அரங்கில் கிளெம் வணக்கம் சொன்னார். பெருமூச்சு விட்டார். அரைமணி நேரம் சும்மா நின்றார். அரங்கமே வயிறு வலிக்கச் சிரித்தது. வீட்டில் கேட்டவர்கள் அந்த இடைவெளியில் அவரவர் அசிங்கத்தை நிரப்பிக்கொண்டு, பிறகு கூசிப்போய்ப் புகார் எழுதினார்கள்.

"இனிமே மௌனத்தையும் எழுத்துல குடுங்க" என்றார் லாங்ஸ்டாஃப்.

மூன்று வெற்றுத் தாள்களை அனுப்பினேன். தலையாட்டிக்கொண்டே படித்தார். நடுத்தாளைச் சிவப்பு மையால் அடித்தார். "இது கொஞ்சம் வரம்பு மீறுது."

பத்திரிகைகள் இதற்கு 'நவீன நகைச்சுவை' என்று பெயர் வைத்தன. எங்கள் நிறுவனத்தின் தொலைக்காட்சி கிளெமைத் தூக்கிக்கொண்டது, சான்றுக்கு லாங்ஸ்டாஃபையும் சேர்த்து. ஊரிலுள்ள கோமாளிகளெல்லாம் வாயை மூடினார்கள். ஒன்றும் சொல்லாதவனைப் பார்த்துச் சிரிப்பது படித்தவர்களின் அடையாளமாயிற்று. கிளெம் மட்டும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனார்.

ஒருநாள் நேரடி ஒளிபரப்புக்கு அவருடைய மாமியாரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், வயது எழுபத்தெட்டு. கால்மணி நேர மௌனத்தைப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னைப் பத்தி எப்பப்பா சொல்லுவே?" என்று கத்தினார்.

கிளெமின் முகம் மலர்ந்தது. "போர்ல குண்டு விழுந்தப்ப எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினோம். உள்ள எங்க மாமியார் உக்காந்திருந்தாங்க. உடனே மேல ஏறி வந்துட்டோம்."

மாமியார் கண்ணீர் வரச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கிளெமை நிறுத்திவிட்டார்கள். "மாமியார் ஜோக்கில் சிரிப்பில்லை என்று தொடக்கத்திலேயே தெரிவித்துள்ளேன்" என லாங்ஸ்டாஃப் கோப்பில் எழுத, அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

மாமியார் வந்த அன்று அரங்கில் நானும் இருந்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லாருமே சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.