நடுவில் நின்ற நீலத்தொப்பி

சண்டையை விலக்கப் போய் இரண்டு பக்கமும் அடி வாங்கியதில் ராஜபாளையத்தில் நீலத்தொப்பி அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் நூல் மில்லின் வாட்ச்மேன். ராணுவத்தில் இருந்த காலத்தில், ஆப்பிரிக்காவுக்கு அமைதி காக்கப் போன பன்னாட்டுப் படையில் இருந்தவர். அங்கே கொடுத்த நீலத் தொப்பியைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்பார்கள். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், எந்த பஸ் முதலில் கிளம்புவது என்று இரண்டு கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கைகளை விரித்தபடி நடுவில் போய் நின்றார். வலப்பக்கமிருந்து ஒன்று, இடப்பக்கமிருந்து இரண்டு.

"திருப்பி ஒண்ணு விட்டிருக்கலாம்ல அண்ணாச்சி?" என்றேன்.

"அடிக்கப்படாது தம்பி. நடுவுல நிக்கணும். அம்புட்டுதான் உத்தரவு."

எல்லையில் சண்டை மூண்ட வாரம், கேன்டீன் டி.வி. முன்னால் ஒரே வீராப்பு. "அணுகுண்ட ஒண்ணப் போட்டு முடிச்சிரணும்" என்று மேசையைத் தட்டினார் ஃபிட்டர் முருகேசன்.

பேப்பர் படித்த தைரியத்தில் நான் சொன்னேன்: "ரெண்டு பேருகிட்டயும் குண்டு இருக்கு. அந்தப் பயத்துலதான் ரெண்டு பேரும் போடாம இருக்காங்க."

"பயந்தவன் எப்பவும் சரியாவே யோசிப்பானா தம்பி?" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். தீக்காயத்துக்கு எத்தனை கட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஒரு நர்ஸ் பதறிப்போய், "யாருக்குய்யா தீக்காயம்?" என்றிருக்கிறார்.

"இன்னும் யாருக்கும் இல்ல தாயி."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"ஆப்பிரிக்காவுல ரெண்டு ஊருக்கு நடுவுல பதினோரு நாள் நின்னோம். ஒருத்தனும் கைய ஓங்கல. பன்னெண்டாம் நாள் திரும்பி வரச் சொல்லிட்டாவ. லாரி மேடு ஏறும்போது பாத்தேன், ஒரே பொகை. எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்ச புள்ளைங்க அங்கனதான் இருந்துச்சு."

பிறகு முருகேசன், "எம் மவன் பார்டர்லதான் இருக்கான். மூணு நாளா போன் இல்ல" என்றார். அதுவரை அவர் எங்களிடம் அதைச் சொன்னதே இல்லை.

அதன்பின் ஷிப்ட் முடிந்தும் முருகேசன் வீட்டுக்குப் போகாமல் கேட்டில் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சண்டை நின்றதாகச் செய்தி வந்த சாயங்காலம் மகனின் போனும் வந்தது. முருகேசன் 'அலோ' என்றதோடு போனை அண்ணாச்சியிடம் நீட்டிவிட்டார்.

"ஒங்கப்பா நல்லா இருக்காவ. நீ சாப்ட்டியாய்யா?"

வெளியே ஜனங்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணாச்சியின் தோள் தூக்கிப்போட்டது.

இப்போது அவர் தளவாய்புரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். எந்த நாட்டில் குண்டு விழுந்ததாக டி.வி.யில் காட்டினாலும் நான் அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மாதான்."