கொப்பரைத் தளபதி

போர் முன்பு போல் இல்லை, மிகவும் திருந்திவிட்டது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் குண்டு யார் தலையில் விழுந்ததோ அவர் செத்தார். யாரும் விளக்கம் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இப்போது அப்படிக் காட்டுத்தனமாகச் செய்வதில்லை. வானத்திலிருந்து ஆற அமரப் படம் பிடித்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்து, சட்டம் படித்த ஒருவரிடம் காட்டி, அவர் தலையசைத்த பிறகுதான் போடுகிறார்கள். போட்ட பிறகு விளக்கம் சொல்ல வீடு தேடி ஓர் அதிகாரியும் வருகிறார். எங்கள் ஊருக்கு வந்தவர் மேஜர் ஆல்டன்.

எங்கள் ஊர் ஷ்லிவ்னா. ஆற்றுக்கு இந்தக் கரை எங்களுடையது, அந்தக் கரை அவர்களுடையது. இரண்டு கரையிலும் பிளம் மரம்தான். காப்பிக்கு அவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், நாங்கள் ஒரு பெயர் சொல்வோம். இதை முன்னிட்டு மூன்று வருடமாகச் சண்டை. இரண்டு பேரையும் தட்டித் திருத்துவதற்காக வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் அமைதிப் படையை அனுப்பியிருந்தார்கள். குண்டு போட்டது அந்த அமைதிப் படைதான். நான் ஊரில் சாராயமும் காப்பியும் விற்கிற கடை வைத்திருப்பவன். ஆகவே எல்லாக் கதையும் என் காதுக்கு வந்துதான் தீரும்.

இலையுதிர் காலத்தில் பிளம் சாராயம் காய்ச்சாவிட்டால் எங்கள் பக்கத்தில் அவனை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. செப்புக் கொப்பரை எல்லோரிடமும் இருக்காது. விதோயேயிடம் இருந்தது, ஊரிலேயே பெரியது. அவர் கொப்பரை ஏற்றினால் ஆண்கள் அத்தனை பேரும் கூப்பிடாமலே போய்ச் சுற்றி நிற்பார்கள். அங்கே கொப்பரைக்காரர் வைத்ததுதான் சட்டம். அவர் விரலைக் காட்டினால் விறகுக்கு ஓடுவோம். முதல் சொட்டுகளைச் செத்தவர்களுக்காக மண்ணில் ஊற்றிவிட்டு அவர் கோப்பையைத் தூக்கினால் நாங்களும் தூக்குவோம். அவர் தூக்காமல் எவனாவது நாக்கை நனைத்தால் அடுத்த வருடம் அவனுக்கு இடமில்லை.

அந்த வருடத்து நாகரிகத்தையும் சொல்லிவிட வேண்டும். ராணுவத்தார் போடுகிற புள்ளிக் கால்சட்டை அப்போது சந்தையில் மலிவாகக் கிடைத்தது. பையும் நிறைய. ஊரில் வயதுக்கு வந்த ஆண்பிள்ளை எவனும் வேறு கால்சட்டை போடவில்லை.

சாயங்காலம் விதோயேயின் மனைவி யக்ளிகா முட்டைக்கோஸும் கறியும் வேகவைத்துச் சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோரும் உள்ளே போனோம். விதோயே வரவில்லை. அடுப்பை விட்டு நகர்வது கொப்பரைக்காரருக்கு அழகல்ல. நாங்கள் முதல் வாய் வைப்பதற்குள் வீடு குலுங்கியது. வெளியே வந்தபோது கொப்பரையும் இல்லை, விதோயேயும் இல்லை. பக்கத்துப் பட்டியில் இருந்த பெண்பன்றியும் செத்துக் கிடந்தது. விதோயே நல்ல மனிதர். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்ததும் எங்கள் சொந்த மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, சதுக்கத்து வாதுமை மரத்தில் மரண அறிவிப்பு ஒட்டினார். எங்கள் ஊரில் யார் செத்தாலும் மரத்தில்தான் ஒட்டுவோம். “தாய்மண் காக்கப் போரிட்டு வீர மரணம் எய்திய கேப்டன் விதோயே” என்று அதில் இருந்தது. அமைதிப் படையின் வானொலியும் எதிரித் தளபதி ஒருவர் ஒழிக்கப்பட்டார் என்றது. மூன்று வருடச் சண்டையில் எங்கள் தரப்பும் அமைதிப் படையும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். ஊருக்கும் பெருமை பிடிபடவில்லை. ஊர்த் தலைவர் ப்ளகோயே ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைக்கலாம் என்றார்.

யக்ளிகா வந்து அறிவிப்பைக் கிழித்துப் போட்டாள்.

“என் வீட்டுக்காரரு வாத்துக்கிட்டகூடச் சண்டை போட்டு ஜெயிச்சதில்ல. அவரு என்ன கேப்டனு? சாராயம் காய்ச்சினாரு. சும்மா இருந்தவரைக் கொன்னுட்டோம்னு கொன்னவன் வாயால சொல்லணும். அதைத்தான் நான் கல்லுல வெட்டுவேன். அதுவரைக்கும் கல்லு வெறுங்கல்லாவே கெடக்கட்டும்.”

வருட நினைவு நாளுக்குள் கல்லறையில் கல் நட்டாக வேண்டும், அது எங்கள் வழக்கம். வாங்கிப் போட்ட கல் முற்றத்தில் எழுத்தில்லாமல் கிடந்தது.

மேஜர் ஆல்டன் வந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவர், அதனால் சாதாரணமாகப் பேசினாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மாதிரி இருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அம்மணி, நடந்த தாக்குதலில் அப்பாவி உயிர் ஒன்று பறிபோனதற்கு அமைதிப் படை தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.”

யக்ளிகா தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த ஒரு வார்த்தைக்குத்தான்யா காத்துக் கெடந்தேன்.”

“பன்றி என்று அடையாளம் காண எங்களுக்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது.”

“எதை?”

“பன்றியை, அம்மணி.”

யக்ளிகா தலைத்துணியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். பிறகு யக்ளிகா கேட்டாள்: “அப்போ என் வீட்டுக்காரரு?”

“அவர் தளபதி.”

“யாரு சொன்னா?”

“குண்டு அவர் மேல் விழுந்திருக்கிறதே. நாங்கள் பொதுமக்கள் மேல் குண்டு போடுவதில்லை. அது எங்கள் கொள்கை.”

“பன்னி மேல விழுந்துச்சே?”

“அது தவறு. அதற்குத்தான் வருத்தம் தெரிவிக்க வந்தேன்.”

பிறகு படங்களை எடுத்துப் பரப்பினார். சூடான உலோக உருளை, அதிலிருந்து நீண்ட குழல், சுற்றிலும் சீருடையில் ஆண்கள். நடுவில் ஒருவர் விரலைக் காட்டுகிறார், எல்லோரும் ஓடுகிறார்கள். அவர் கையைத் தூக்குகிறார், எல்லோரும் தூக்குகிறார்கள். தங்கள் படைகளில்கூட இவ்வளவு ஒழுங்கைத் தான் கண்டதில்லை என்று மேஜர் மனம் விட்டுப் பாராட்டினார். அது சாராயம் குடிப்பதற்குத் தூக்கிய கை என்று நான் சொல்லிப் பார்த்தேன். குடித்ததற்குப் படத்தில் சான்று இல்லை, கட்டளைக்குச் சான்று இருக்கிறது என்றார். கோப்பையைத் தூக்கும் வயது வந்தவன் ஆயுதத்தையும் தூக்கலாம், ஆகவே வயது வந்த ஆண் எவனும் அப்பாவி என்று வைத்துத் தொடங்க முடியாது, பன்றிக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றும் விளக்கினார்.

யக்ளிகா விடுகிற ஆள் அல்ல. ஆற்றுப் பாலத்தருகே இருந்த மேஜரின் முகாமுக்கு நடையாய் நடந்தாள். மழையில் நின்றாள், பனியில் நின்றாள். மேஜரும் கல்நெஞ்சர் இல்லை. மேலிடத்துக்கு எழுதி, மேலிடம் அதற்கு மேலிடத்துக்கு எழுதி, வசந்தத்தில் ஒரு வழி பிறந்தது. அதைச் சொல்ல அவரே வந்தார்.

“அம்மணி, தங்கள் கணவர் நிரபராதி என்று எழுதித் தர நாங்கள் தயார். ஒரே ஒரு தடை. அவர் தளபதி இல்லையென்றால் வேறொருவர் தளபதியாக இருந்தாக வேண்டும். குண்டு காரணமில்லாமல் போய் விழாது அல்லவா? அது யார் என்று தாங்கள் ஒரு பெயர் சொன்னால் போதும். அவர் தப்பிவிட்டார், தங்கள் கணவர் தற்செயலாக அகப்பட்டார் என்று ஆகிவிடும். தங்கள் கணவரும் நிரபராதி, எங்கள் குண்டும் நிரபராதி.”

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் ஊரின் பொற்காலம்.

கொப்பரையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் யக்ளிகா மேல் உயிரையே வைத்தார்கள். ஒருவர் பாலாடைக்கட்டி கொண்டுவந்தார், ஒருவர் தேன் கொண்டுவந்தார், ஒருவர் கேட்காமலே கூரையைச் செப்பனிட்டார். விதோயே இருந்த காலத்தில்கூட அந்த வீட்டில் அவ்வளவு விறகு அடுக்கியிருந்ததில்லை. நானும் ஒரு மூட்டை காப்பிக்கொட்டை கொடுத்தேன், மறைப்பானேன்.

க்ர்ஸ்மான் என்று ஒருவன் உண்டு. வேட்டைத் துப்பாக்கியால் ஒரு விமானத்தைச் சுட்டு இறக்கினேன் என்று இரண்டு வருடமாக என் கடையில் ஓசிச் சாராயம் குடித்துவந்தவன். அவனுக்குத் திடீரென்று தட்டைப் பாதம் என்று தெரியவந்தது. காதும் மந்தமாம், கையும் நடுங்குமாம்.

“அக்கா, உனக்குத் தெரியாதா, நான் பொறந்ததுலேர்ந்தே கோழை,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

“ஏன்டா, அந்த விமானம்?” என்று கேட்டேன்.

“அது காக்காண்ணே.”

புள்ளிக் கால்சட்டைகள் ஒரே வாரத்தில் மறைந்துவிட்டன. சோளக்கொல்லைப் பொம்மைகள் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றன.

யக்ளிகா யாரையும் சொல்லவில்லை. சொல்லாதது எங்களை இன்னும் கலக்கியது. கோடை முடிகிற சமயம் தலைவர் ப்ளகோயே என் கடையில் கூட்டம் கூட்டினார். அவளையும் வரவழைத்து, நிதானமாகப் பேசினார்.

“தங்கச்சி, விதோயேக்குக் கல்லு நடணும், அதுல எங்களுக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா உசுரோட இருக்கறவன் தலையில கைய வெக்கறதும் பாவம். அதனால இல்லாத ஆளு ஒருத்தன் பேரைச் சொல்லிடு. அக்கரையில இருக்கான்னு சொல்லு. ஆளே இல்லாதப்போ யாருக்கு என்ன நஷ்டம்?”

“நெசமாவே இல்லாத ஆளுதானே?” என்று கேட்டாள் யக்ளிகா.

“சத்தியமா இல்லாத ஆளு. நாமளே பேரு வெப்போம்.”

சாமர்த்தியமான யோசனை. கூடி உட்கார்ந்து புர்மிஸ்லாவ் என்று பெயர் வைத்தோம். உலகத்தில் எந்தத் தாயும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டாள். பெயரை மேஜருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து அடையாளம் கேட்டார். பெயர் மட்டும் போதாதாம். இல்லாத ஆளுக்கு அடையாளம் சொல்வது எப்படி? தெரிந்ததைத்தானே சொல்ல முடியும். அடர்ந்த மீசை என்றார் ஒருவர். முற்றத்தில் செப்புக் கொப்பரை என்றார் ஒருவர். இலையுதிர் காலத்தில் வீட்டில் புகை வரும், ஆண்கள் கூடுவார்கள், அவர் கையைத் தூக்கினால் எல்லோரும் தூக்குவார்கள் என்று க்ர்ஸ்மான் தனக்குக் காது மந்தம் என்பதையும் மறந்து எடுத்துக் கொடுத்தான். நாங்கள் கண்ட தளபதி ஒருவர்தானே.

மேஜர் இது சரிதானா என்று யக்ளிகாவிடம் கேட்டபோது, ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

காகிதம் வந்தது. அவள் சொன்னபடியே கல்லில் வெட்டினார்கள்: “விதோயே. சாராயம் காய்ச்சியவர். நிரபராதி.” எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, செத்த அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

பிளம் பழுத்தது. இரண்டு கரையிலும் கொப்பரைகள் ஏறின. ஒரு சாயங்காலம் அக்கரையில் பெரிய சத்தம் கேட்டு, என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அங்கே எவனாவது பெரிய ஆள் இருந்திருப்பான், காரணமில்லாமல் போடுவார்களா என்று பேசிக்கொண்டோம்.

விதோயேயின் வருட நினைவு நாள் வந்தது. கல்லறையில் சர்க்கரை சேர்த்த கோதுமையைப் படைத்து, மண்ணில் சாராயம் ஊற்றி, எல்லோரும் யக்ளிகா வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது கறுப்பு உடுத்திய ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் ஸ்மில்யா, அக்கரைக்காரி. சாவுக் காரியம் என்றால் பாலத்தில் விடுவார்கள். யக்ளிகா அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

“வர்ற வழியில கல்லைப் பாத்தேன்க்கா. அழகா வெட்டியிருக்காங்க,” என்றாள் ஸ்மில்யா. “இக்கரையில ஒரு அம்மாவுக்குக் காகிதம் கெடச்சுதுன்னு மேஜர் சொன்னாரு. எப்படி வாங்கினாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். எங்க வீட்டுக்காரரும் சாராயம் காய்ச்சிட்டுத்தான் இருந்தாரு.”

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

“அவரு பேரு மிலிசவ். ஆனா அவங்க புர்மிஸ்லாவ்னு எழுதி வெச்சிருக்காங்க. எங்க கரை முழுக்கத் தேடிட்டேன், அந்தப் பேருல யாருமே இல்ல. இல்லன்னு சொன்னா, குண்டு யாரு மேல விழுந்துச்சோ அவருதான் புர்மிஸ்லாவ்ங்கறாரு மேஜர். நான் வேற ஒரு பேரு சொன்னா எங்க வீட்டுக்காரரை விட்டுடுவாங்களாம்.”

யக்ளிகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“எங்க ஊர்ல எல்லாரும், இக்கரையில எவனையாவது சொல்லிட்டுப் போங்கறாங்க. அது பாவமில்லையாக்கா? உங்க ஊர்லயும் எல்லாருக்கும் புருஷன் பிள்ளைங்க இருப்பாங்களே. அதனால யாருக்கும் கெடுதல் வராம, உங்க ஊர்ல இல்லாத பேரா ஒண்ணு நீங்களே பாத்துச் சொல்லுங்களேன். அதைச் சொல்லிட்டுப் போயிடறேன்.”

அவள் கபடமில்லாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதலில் ப்ளகோயே எழுந்தார், பின்னாலேயே க்ர்ஸ்மான், பிறகு நாங்கள் எல்லோரும் தொப்பியைக்கூட எடுக்காமல் எழுந்தோம். அன்றைக்கு ஊரில் பாதி வீட்டில் கொப்பரை ஏற்றியிருந்தது. அவரவர் அடுப்பை அணைக்க அவரவர் ஓடினோம்.

யக்ளிகா மட்டும் எழவில்லை. அவள் வீட்டில் அணைப்பதற்குக் கொப்பரை அடுப்பு இல்லை.