மார்சேல்ஸுக்கு ஒரு பரஸ்தானம்

எனக்கு முன்கோபம் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒரு தகரப் பெட்டியின் மேல் நாற்பது வருஷமாகக் கோபமாக இருக்கிறவன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முப்பதுகளில் நடந்தது இது. எனக்கு இருபத்தைந்து வயது. கிள்ளானில் ஒரு கொப்பரை வியாபாரியிடம் இங்கிலீஷ் கடிதம் எழுதும் கிராணி. எங்கள் கொப்பரை கப்பலேறி பிரான்சிலிருக்கும் மார்சேல்ஸ் பட்டணத்துக்குப் போய்ச் சோப்பாகும். அங்குள்ள ஆலைக்காரரை நேரில் பார்த்துப் பேச முதலாளி தீர்மானித்தார். துணைக்கு நான். திரும்பி வந்ததும் கடையை என் பொறுப்பில் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆறு மாதம் திட்டம் போட்டேன். மார்சேல்ஸ் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, காலையில் குன்றின் மேலுள்ள மாதா கோயில், மத்தியானம் துறைமுகத்தில் மீன் சூப்பு என்று மணிவாரியாக எழுதினேன். பழைய புத்தகம் ஒன்றை வைத்து பிரெஞ்சு படித்தேன். (பதில் பேச ஆளில்லாததால் கொல்லைக் கோழிகளிடம் 'போன்ஷூர்' சொல்லிப் பழகினேன்.) கம்பளிக் கோட்டுத் தைத்து, உச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தேன். குளிருக்கு இப்போதே பழகுகிறேனாம்! அந்த மடையனை இன்று தெருவில் பார்த்தால் இரண்டு அறை விடுவேன்.

பொதுப்பணி இலாகாவில் ஓவர்சீயராக இருந்த என் மாமனார் அந்த வாரம் பஞ்சாங்கத்தோடு வந்து சேர்ந்தார்.

"கப்பல் என்னைக்கி மாப்ளே?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கெளம்பக்கூடாது."

"கப்பல்காரன்கிட்ட நீங்களே சொல்லிருங்களேன்" என்றேன்.

அவர் அசரவில்லை. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். அதாவது, புறப்படும் நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் நம் சாமானை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. புறப்படும் நாளில் அதை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போகவேண்டும். வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

"ஒரு வேட்டிய வச்சாப் போதும்லப்பா?" என்றாள் என் மனைவி செல்லம்மாள்.

"வேட்டி இல்லாம போகலாம். எது இல்லாம போக முடியாதோ அதத்தான் வைக்கணும்" என்றார் மாமனார்.

பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பெட்டிக்குள் போயின.

"அத மட்டும் கையில வச்சிக்கங்க" என்று செல்லம்மாள் கெஞ்சினாள்.

"பிரான்ஸ் போறது நானா, நீயா?" என்று கத்தினேன்.

புதன்கிழமை காலையில் பெட்டியை மாமனாரே தூக்கிக்கொண்டு போனார். மேற்குத் திசையில்தான் வைக்க வேண்டும். எங்களுக்கு மேற்கே ரயில் தண்டவாளம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வீடு. ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சாமுவேல் ஐயாவின் வீடு. நான் அடுத்த ரயிலில் துறைமுகத்துக்குப் போனேன். வியாழக்கிழமை முழுவதும் தொண்டை கிழியக் கத்தி எங்கள் கொப்பரை மூட்டைகளை அதே கப்பலில் ஏற்றிவிட்டு வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு சாமுவேல் ஐயா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் குடித்துக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"தம்பி! நீங்கள் இன்னும் போகேல்லையோ?"

"இப்பதான் போறேன் ஐயா. பெட்டிய எடுக்க வந்தேன்."

"பெட்டியோ? அதை நான் புதன்கிழமையே கப்பலுக்கு அனுப்பிப்போட்டன். உங்கட மாமா வந்து, 'மாப்ள மார்சேல்ஸ் கெளம்பிட்டாரு' எண்டு சொல்லி வச்சிட்டுப் போனார். நீங்கள் பெட்டியை மறந்து விட்டிட்டுப் போட்டியள் எண்டு பதறிப்போனன், தம்பி. நானே ஓடிப்போய் ரயிலில ஏத்தினன்."

பெட்டியின் மூடியில் பேரையும் கப்பலையும் மார்சேல்ஸையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது நான்தான்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏணிப்படியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்றான். பாஸ்போர்ட் கேட்டான். கப்பலுக்குள்ளே இருக்கிறது என்றேன். கப்பலுக்குள் எங்கே என்றான். விசாரித்துப் பார்த்ததில், புதன்கிழமை மாலையே ஏறிய என் பெட்டி சரக்கறையின் அடியில் இருந்தது. அதன் மேல் முந்தின நாள் நான் நின்று ஏற்றிய அத்தனை கொப்பரை மூட்டையும் இருந்தது.

மேல்தட்டிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "மூட்டையெல்லாம் எறக்குனா கப்பல் நாளைக்கிகூடப் போவாதுலா! நீ வீட்டுக்குப் போ!"

"மொதலாளி, பிரெஞ்சு யாரு பேசுவா?"

"கைய ஆட்டிப் பேசிக்கிறேன்லா!"

கப்பல் நகர்ந்தது. கரையில் கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து வழிய நின்றேன். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. மாமனார் மேல், சாமுவேல் ஐயா மேல், பஞ்சாங்கம் அச்சடித்தவன் மேல். செல்லம்மாள் சொன்னதைக் கேட்காத என் மேல் வரவேண்டிய கோபம் வருவதற்கு மட்டும் பத்து வருஷம் ஆனது.

முதலாளி கையை ஆட்டியே பேரத்தை முடித்துவிட்டு வந்தார். கடைப் பொறுப்பு அவர் தங்கை மகனுக்குப் போனது. அவரோடு என் பெட்டியும் வந்தது, உடம்பெல்லாம் வெளிநாட்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டு. மாமனார் அதைத் தட்டிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா மாப்ளே, பரஸ்தானம் பலிச்சிருச்சு. எவ்வளவு பத்திரமா போயிட்டு வந்திருக்கு!"

அன்று நான் பேசிய பேச்சை எழுத முடியாது. அதற்குப் பிறகு அவர் ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

இப்போது அந்தப் பெட்டியில் எங்கள் வீட்டு அரிசி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதற்கு 'பிரான்ஸ் தாத்தா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் வெறும் தாத்தா. போன மாதம் மூத்த பேரன் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டான். விமான நிலையத்தில் அத்தனை பேர் நடுவிலே செல்லம்மாள், "பாஸ்போட் கையில இருக்கா?" என்று கேட்டாள். கேட்டது பேரனை, பார்த்தது என்னை. குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நானும் சேர்ந்து சிரித்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நான் சிரிக்கவில்லை. இன்னும் குன்றின் மேலிருக்கும் அந்த மாதா கோயிலை நான் பார்க்கவில்லை. அரிசிப் பெட்டி அந்தக் குன்றின் அடிவாரத் துறைமுகம் வரைக்குமாவது போய்விட்டு வந்திருக்கிறது.