தலையாட்டிய ஓணானும் கை தூக்கிய கரடியும்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. எனக்குச் சொன்னவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. அவரிடம் எனக்கிருந்த குறை வேறு: எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் கேட்ட கதையை எப்படி நம்புவது? ஆனால் எனக்கும் ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது. நம்பத் தகுந்தவர்கள் யாரும் இதைவிட நல்ல கதை ஒன்றைச் சொல்லவில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு காட்டில் ஒரு கறையான் புற்று இருந்தது. அந்தப் புற்றில் இரண்டு பேர் சாப்பிட்டார்கள். ஒருவர் அங்கமுத்து என்ற கரடி. இன்னொருவர் குழந்தைவேலு என்ற ஓணான். கரடி புற்றைப் பிளந்து உள்ளே இருப்பதை உறிஞ்சும். வெளியே தப்பி ஓடுவதை ஓணான் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டபின் கரடி பேசும், ஓணான் தலையாட்டும்.

அங்கமுத்துவுக்கு ஒரு வியாதி இருந்தது. யாரிடமாவது நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால் போதும், குகையில் படுத்துக்கொண்டு அந்தப் பேச்சை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும். 'மான் நம்மைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டதே. ஏன் கேட்டது? நம் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டதோ? நாம் சிரித்தோமே, பல் தெரிந்திருக்குமோ? அதனால்தான் ஓடியதோ?' இப்படியே உருண்டு உருண்டு படுத்து, முதுகுப் பக்கம் முடியே உதிர்ந்துவிட்டது.

குழந்தைவேலுவிடம் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. எது சொன்னாலும் தலை மேலும் கீழும் ஆடும்.

"தம்பி, நான் கொஞ்சம் அதிகமாப் பேசுறேனோ?"

தலை ஆடும்.

"பாத்தியா, உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளு நீ ஒருத்தன்தான்."

அங்கமுத்து தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகளையெல்லாம் அந்தத் தலையாட்டலை நம்பித்தான் எடுத்தது. மேற்கு மலைக்குப் போய் அங்கிருந்த கரடிப் பெண்ணிடம் மனதைத் திறந்து பேசலாமா என்று கேட்டது. தலை ஆடியது. போனது. மூக்கில் மூன்று கீறலோடு திரும்பி வந்து, "எல்லாம் நல்லதுக்குத்தான், இல்லையா தம்பி?" என்றது. அதற்கும் தலை ஆடியது. இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான் என்று கரடி கண்கலங்கியது.

இந்தச் சமயத்தில் காட்டு நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. நிர்வாகத்துக்கு யோசனை வரக் கூடாது. வந்தால் நாம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். காட்டில் சண்டைகள் பெருகிவிட்டன, ஒருவர் மனதை ஒருவர் புரிந்துகொள்ளாததே காரணம், ஆகவே ஒரே இடத்தில் சாப்பிடுகிற ஜோடிகள் எல்லோரும் புரிதல் தேர்வு எழுத வேண்டும் என்று அறிவித்தார்கள். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் சேர்ந்து சாப்பிடலாம். வாங்காவிட்டால் இடம் ஒருவருக்கு, இன்னொருவர் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நமக்கு என்ன தம்பி பயம்? நூத்துக்கு நூறு நமக்குத்தான்" என்றது அங்கமுத்து. தலை ஆடியது.

அதிகாலையிலேயே வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. தேர்வு அதிகாரி ஒரு கீரிப்பிள்ளை. அதன் முன்னால் ஏதோ யானை எங்கே போகிறது என்று கண்காணிக்க வனத்துறை அதன் கழுத்தில் மாட்டி, அறுந்து விழுந்த ரேடியோ காலர் ஒன்று கிடந்தது. அதற்குள் உட்கார்ந்து வழக்கமாகச் செய்வதைச் செய்ய வேண்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஜோடி சொல்ல வேண்டும். பிறகு காலர் உண்மையான அர்த்தத்தைப் பெண் குரலில் சொல்லும். நடுநடுவே சிக்னல் போய்விடும். அப்போது ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மர உச்சிக்குப் போய் வரும்.

கரடிக்கு முன்னால் இரண்டு காட்டுப்பூனைகள் நின்றன. ஓரகத்திகள். மூத்தவள் இளையவளைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றது கீரி.

"நீ எப்போடி தொலைவேன்னு அர்த்தம் சார்" என்றாள் இளையவள்.

'நீ எப்போது தொலைவாய்' என்றது காலர். ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. இரண்டு பேருக்கும் நூறு. நிர்வாகம் கைதட்டி, புரிதல் மிக்க குடும்பம் என்று சான்றிதழ் கொடுத்தது.

அடுத்து குழந்தைவேலு காலருக்குள் போய் உட்கார்ந்தது. வழக்கம்போலத் தலையை ஆட்டியது.

"நான் சொல்றது சரின்னு சொல்றான்" என்றது அங்கமுத்து, பெருமையாக.

'இது என் இடம், மரியாதையாகப் போய்விடு' என்றது காலர்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கரடி, "சிக்னல் சரியில்ல சார், குரங்கை ஏறச் சொல்லுங்க" என்றது. குரங்கு ஏறி இறங்கியது. காலர் அதையே இன்னும் தெளிவாகச் சொன்னது.

அடுத்து கரடியின் முறை. புற்றுக்கு வந்ததும் அது பின்னங்காலில் எழுந்து இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும். அதையே செய்து காட்டியது.

"என் இடத்துக்கு வர்றதால என்னைக் கும்பிடுறாரு. என் தயவுல சாப்பிடுறவர் இல்லையா? நல்ல மனுஷன், ஒருநாள்கூட மறந்ததில்ல" என்றது ஓணான்.

'புலி வாடை அடிக்கிறதா என்று மோப்பம் பிடிக்கிறேன். பயமாக இருக்கிறது' என்றது காலர்.

இருவருக்கும் பூஜ்யம். இது என் இடம் என்று காலரே சாட்சி சொல்லிவிட்டதால் புற்று ஓணானுக்கு என்று கீரி தீர்ப்பளித்தது. அடுத்த வாரம் மறுதேர்வு, விருப்பமிருந்தால் வரலாம்.

திரும்பும் வழியில் கரடி முன்னால் நடந்தது. ஓணான் பின்னால் ஓடிவந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க."

"இத்தனை நாளும் போ போன்னுதான் சொல்லிட்டிருந்தியா?"

"ஆமாண்ணே. நீங்கதான் போகவே இல்லையே."

"மேற்கு மலைக்குப் போகவான்னு கேட்டப்ப?"

"எங்கயாவது போனாச் சரின்னுதான்."

கரடி மூக்கைத் தடவிக்கொண்டது. "நீயும் என்னை ஒரு பெரிய பக்தன்னு நெனச்சிட்டிருந்திருக்க."

"பயந்தாங்கொள்ளின்னு எனக்கு எப்படித் தெரியும்? இவ்ளோ பெரிய உடம்பு!"

அன்று குகையில் படுத்து உருள்வதற்குக்கூட அங்கமுத்துவுக்குத் தெம்பில்லை. மறுநாள் காலை அதற்கு ஒன்று புரிந்தது: புற்று போனதில் பசி மட்டும்தான். பேச ஆளில்லாமல் போனதுதான் தாங்கவில்லை. போகச் சொன்னவனாகவே இருந்தாலும் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தானே!

புற்றுப் பக்கம் போனது. "மறுதேர்வுக்குப் படிப்போமா தம்பி?"

அந்த வாரம் முழுக்கப் படித்தார்கள். ஓணான் தலையாட்டும்; கரடி, "இது என் இடம், போய்விடு" என்று ஒப்பிக்கும். கரடி கை தூக்கும். ஓணான், "புலிக்குப் பயம்" என்று ஒப்பிக்கும். இடையிடையே, "புலின்னா எதுக்குண்ணே அவ்ளோ பயம்?" என்று ஓணான் கேட்கும். கரடி சொல்லும். ஓணான் தன் பயங்களைச் சொல்லும். பெரும்பாலும் காக்கைகளைப் பற்றி. கரடி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டது. அதற்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மறுதேர்வு நாள். ஓணான் தலையாட்டியது. கரடி சுத்தமாகப் பதில் சொன்னது: "இது என் இடம், போய்விடு."

காலர் கொஞ்சம் கரகரத்தது. 'போய்விடாதே அண்ணே' என்றது.

கரடி கை தூக்கியது. "புலிக்குப் பயம்" என்றது ஓணான், கண்ணை மூடிக்கொண்டு.

'கடவுளே, இவனை மட்டும் என்னோடு இருக்க விடு. கும்பிடுகிறேன்' என்றது காலர்.

மறுபடியும் இருவருக்கும் பூஜ்யம்.

"ஒரு வாரம் படிச்சும் ஒண்ணும் ஏறல" என்று கீரி தலையில் அடித்துக்கொண்டது. ஒருவரை ஒருவர் இந்த அளவுக்குப் புரிந்துகொள்ளாதவர்கள் சேர்ந்திருந்தால் காட்டின் அமைதி கெடும் என்று இருவரையும் புற்றிலிருந்து வெளியேற்றியது. கறையானே தின்னாத அந்தப் பூனை ஓரகத்திகளுக்குப் புற்றைப் பரிசாகக் கொடுத்தது. அவர்கள் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கரடியும் ஓணானும் காட்டின் எல்லையைத் தாண்டி, சிக்னல் கிடைக்காத ஒரு மேட்டில் வேறு புற்றைப் பிடித்துக்கொண்டன. சாப்பிட்டபின் கரடி பேசியது, ஓணான் தலையாட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று கரடி கேட்கவில்லை. கேட்காமலிருக்க அது பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

கதை இவ்வளவுதான். இதைச் சொன்னவர் யாரென்று சொல்லவில்லையே. எங்கள் வீட்டுப் பின்பக்க மதிலில் இருக்கும் ஓணான். சொன்னார் என்பதுகூடக் கொஞ்சம் மிகை. காலையில் பல் துலக்கிக்கொண்டே நான் கேட்பேன். ஒரு கரடி இருந்ததா? தலையாட்டுவார். உங்கள் ஆள் ஒருவரோடு சிநேகமா? தலையாட்டுவார். தேர்வில் பூஜ்யமா? அதற்கும்தான். இத்தனை வருடமும் அதே ஓணான்தானா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி, "யாருகிட்டங்க பேசிட்டிருக்கீங்க?" என்பாள். அவள் குரலில் இருந்தது கவலையா, கேலியா என்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

நேற்று கதைக்கு நீதி எழுதி முடித்து, காலையில் பல் துலக்கிக்கொண்டே மதிலருகே போய் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

நீதி: அடுத்தவர் மனதைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு வாரம் போதும், அதற்குள் அவர் வேறு ஆளாகிவிடுவார். ஆகவே தப்பாகவே புரிந்துகொள்ளுங்கள். படிக்கிற சிரமமாவது மிச்சமாகும்.

அவர் தலையாட்டினார். நான் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இன்னும் கிட்டே போய், இத்தனை வருடமாகக் கேட்கத் துணியாததைக் கேட்டேன்:

"தம்பி, உள்ளதைச் சொல்லு. கதை சரிங்கிறியா, இடத்தைக் காலி பண்ணுங்கிறியா, இல்ல... போயிடாதேங்கிறியா?"