தொலி சாருக்கு வந்த நாணக்கேடு

உலகத்தில் எதையும் தொலி உரிக்காமல் தின்ற ஒரே மனிதர் எங்கள் தெருவின் தொலி சார்தான். தொலி என்றால் எங்கள் பக்கத்தில் தோல். வாழைப்பழத்தை மட்டும் போனால் போகிறது என்று உரித்துத் தின்பார். வாழைக்காய்க்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் தொலி பயறோடு சேர்ந்து துவரன் என்கிற பொரியலாகிவிடும்.

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிரப் பாடத்தை விடவில்லை. பாடமும் ஒன்றேதான்: ஆன்டி ஆக்ஸிடன்ட்.

“நம்ம தேகம் இரும்பு கேட்டு மாதிரியாக்கும் மக்கா. உள்ளுக்குள்ள துரு பிடிச்சுட்டே இருக்கும். கத்தரிக்கா, ஞாவப்பழம், சீனிக்கிழங்கு, செவப்பரிசி, இதெல்லாம் அந்தத் துருவத் தடுக்கும். நிறத்துலயாக்கும் சத்து இருக்கு. நீ நிறத்தச் சீவிக் கோழிக்குப் போடுத. கோழி நல்லா இருக்கும். நீ?”

என் மச்சினி கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது என் கெட்ட நேரம். அவியலில் கிடந்த ஒரு துண்டு கேரட்டை விரலால் தூக்கிப் பந்திக்கே காட்டினார்.

“இதுக்க தொலியச் சீவுனவன் ஆருல? கூப்பிடு அவன!”

சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். மாமனாரும் பின்னாலேயே வந்து என் காதில் கேட்டார்: “இது ஆரு மருமகனே, ஒமக்க ஆளா?”

“தெரியாது மாமா.”

சொல்லி வாய் மூடவில்லை, சார் என் தோளில் கையைப் போட்டு, “மக்கா, நீயே மாமாட்ட எடுத்துச் சொல்லு” என்றார். இலைக்கு அடியில் இடமிருந்தால் அன்றைக்கு நுழைந்திருப்பேன்.

சர்ச்சில் இன்னொரு தொல்லை. ஞாயிறு ஆராதனையில் வியாதிப்பட்டவர்களின் பெயரை ஆயர் வாசித்து ஜெபிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சார் என் விலாவில் இடிப்பார். “எனக்க பேரு அதுல வராது, கேட்டியா? வந்துச்சுன்னா, அண்ணையிலேருந்து நானும் தொலி உரிச்சுத் திங்கேன்.”

வந்தது. ஒரு ஞாயிறு ஆயர் ஏதோ ஒரு ஞானஸ்நானப் பெயரை வாசித்தார். யாரென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. சபை முழித்தது. ஆயர் மைக்குக்குக் குனிந்து, “அதாவது, நம்ம தொலி சாரு” என்றார். பெண்கள் பக்கத்தில் கிளம்பிய சிரிப்பு ஆண்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஆயரே கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே நோயாளிக்காக ஜெபித்த ஒரே சபை எங்களுடையதாகத்தான் இருக்கும். நானும் சிரித்தேன். ஆமென் சொல்லும்போதுதான் என் பக்கத்து இடம் காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. மிகவும் வெட்கமாகப் போயிற்று.

பிறகு அவர் மனைவி சொல்லித்தான் சங்கதி தெரிந்தது. மனிதர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு நெல்லிக்காயை நம்பியிருக்கிறார். குளியலறையில் தலைசுற்றி விழுந்தவரைக் குழித்துறையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

“டாக்டர் என்ன சொன்னாவ அக்கா?”

“நெல்லிக்கா நல்லதுதான், தின்னுங்க, அது மாத்திரைக்குப் பதிலாகாதுன்னு சொன்னாவ. இவிய ஆருட்டயும் சொல்லாண்டாம்னு எனக்க கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினாவ. நான் ஆயருட்ட மட்டும், ஜெபத்துக்குன்னு சொன்னேன்.”

வீட்டுக்கு வந்த பிறகும் சார் வெளியே தலை காட்டவில்லை. பார்க்கப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டை பக்கத்திலேயே இருந்தது. தட்டில் தொலி உரித்த ஆப்பிள், வெள்ளை வெளேரென்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வாருங்க சார்.”

“எந்த மூஞ்சிய வச்சுட்டு மக்கா வர? ஊரு முழுக்க உபதேசம் பண்ணினேன். நாணக்கேடாப் போச்சு. நீயும் சிரிச்சிருப்ப.”

“சிரிச்சேன் சார்” என்றேன். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தட்டின் ஓரத்தில் கோழிக்கென்று ஒதுக்கியிருந்த சிவப்புத் தொலியை எடுத்து வாயில் போட்டேன். இன்னொன்றையும் எடுத்தேன். கட்டில் கிரீச்சிட்டது, சார் திரும்பிவிட்டார்.

“லேய், பழத்தக் கழுவித்தான் உரிச்சாளான்னு கேட்டியா?”

“கேக்கல்ல சார்.”

“போய்க் கழுவிட்டு வா.” கழுவிக் கொண்டுவந்தேன். என் கையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தானும் கடித்தார். “நல்லா சவச்சுத் தின்னு. அப்படியே விழுங்காத” என்றார்.

பந்தி நடுவில் என்னை நாணங்கெடுத்த அதே அதட்டல். அது இல்லாத தெருவில் என்னால் இருக்க முடியாது என்பது அந்தத் தொலியை மெல்லும்போதுதான் தெரிந்தது.